6,500 ரூபா ராடும் எங்க வீட்டு ஸ்க்ரீன் கம்பியும்

சத்துவாச்சாரில இருக்கிற சித்தப்பா பையன் நேத்து நைட்டு ஒரு போட்டோ அனுப்பிட்டு, ண்ணா இத வாங்கிடட்டுமா, இத போட்டா ஏலகிரி வளைவுல வண்டி ரோட்ட ஒட்டிகினு போகும்னு கடைல சொல்றாங்கன்னு கேட்டான். பாத்தா செவப்பு கலர் ஸ்ட்ரட் பார். எனக்கு சிரிப்பு வந்துடுச்சி, ஏன்னா இதே செவப்புல இதே மாதிரி ஒண்ண நான் அஞ்சு வருசம் முன்னாடியே 6,500 ரூபா குடுத்து வாங்கினவன், அதோட நிக்காம பின்னாடிக்கும் ஒண்ணு வேணும்னு இன்னொரு 4,000 அழுதவன். அவனுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்ல ஆரம்பிச்சி அது நீண்டுகினே போச்சி, சரி இங்கயே எழுதிடலாம்னு.

வண்டி 2008 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். பானெட்ட தொறந்தா ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரோட தலை வந்து முட்டுற எடம் இருக்கு பாருங்க, அதுக்கு பேரு ஸ்ட்ரட் டவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்து சக்கரத்த நேரா புடிச்சி நிக்கிறது தான் ஸ்ட்ரட்). அந்த ரெண்டு டவரையும் குறுக்கால ஒரு ராடு போட்டு இணைக்கிறது தான் இந்த ஸ்ட்ரட் பார். வளைவுல திரும்பும்போதும் பள்ளத்துல விழும்போதும் டவர் லேசா உள்ளயும் வெளியயும் அசையும், அது அசைஞ்சா சக்கரத்தோட சாய்மானம் மாறும், அதாங்க கேம்பர்னு அலைன்மெண்ட் கடைல சொல்வாங்களே அது. ராடு போட்டா அசையாது, சக்கரம் சொன்ன பேச்சு கேக்கும். கடைக்காரர் எனக்கு சொன்ன கணக்கு இது தான், இதுல பொய் ஒண்ணும் இல்ல. எவ்ளோ அசையுதுன்றத மட்டும் தான் அவரு சொல்லல, நானும் கேக்கல.

போட்ட அன்னிக்கே காட்பாடி பாலத்து மேல ஏறி இறங்கி பாத்தேன். சத்தியமா சொல்றேன், ஸ்டேரிங் அப்டியே கெட்டியான மாதிரி இருந்துச்சி, கூட வந்த ஃப்ரெண்டும் ஆமா மச்சான்னு தலையாட்டுனான். 6,500 குடுத்துட்டு ஒண்ணும் தெரியலன்னு எவன் ஒத்துப்பான்.

அதுக்கு அப்பால ஒரு ரெண்டு மாசம் கழிச்சி காட்பாடில நான் வழக்கமா வண்டி விடுற பாய் கிட்ட சர்வீசுக்கு போனேன். அவரு பானெட்ட தொறந்து பாத்துட்டு, "இன்னா தம்பி, வண்டிக்கு நகை போட்டு வச்சிருக்க" அப்டின்னாரு. நான் கொஞ்சம் ரோசமா, இல்ல பாய் நல்லா வித்தியாசம் தெரியுதுன்னேன். அவரு ஒண்ணும் சொல்லாம வண்டிய தூக்கி, சக்கரத்த கீழ இருந்து புடிச்சிருக்கிற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ்ஷுல ஒரு கம்பிய விட்டு நெம்புனாரு. ரப்பர் ஓரத்துல கிழிஞ்சி போய், ஆர்ம் முன்னயும் பின்னயும் விரக்கடை மாதிரி ஆடுது. "இது இவ்ளோ ஆடிகினு கீது, நீ மேல ராடு போட்டு இன்னா பண்ணப்போற" ன்னாரு. அன்னிக்கு வந்த கோவத்துல தான் அளந்தே பாத்துடுவோம்னு முடிவு பண்ணேன்.

எப்டி அளக்கிறது? ஜன்னலுக்கு போடுற ஸ்க்ரீன் கம்பி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் வர்ற மாதிரி நீட்டி சுருக்கற டைப்பு, அது ஒண்ணு வீட்ல சும்மா கெடந்துச்சி. ஸ்ட்ரட் பார கழட்டிட்டு அந்த எடத்துல இந்த கம்பிய ரெண்டு டவருக்கும் நடுவுல போல்ட்டு போட்டு மாட்டுனேன். உள்கம்பி மேல ஒரு சின்ன ரப்பர் ரிங்க மாட்டி வெளிக்கம்பி வாய் வரைக்கும் தள்ளி வச்சேன். டவர் உள்ள நெருங்குனா வெளிக்கம்பி ரிங்க தள்ளிட்டு போகும், திரும்ப விலகும்போது ரிங்கு அங்கயே நிக்கும், அந்த இடைவெளிய வெர்னியர் வச்சி அளந்தா ஆச்சி. பெரிய விஞ்ஞானம் இல்ல, ஆனா பொய் சொல்லாது. (கம்பிய எடுத்துட்டு போனதுக்கு அம்மா கிட்ட வாங்குன திட்டு தனி.)

ஒரு ஞாயித்துக்கெழம காலைல பொன்னேரி அடிவாரத்துல ரிங்க செட் பண்ணிட்டு ஏலகிரி ஏறுனேன். புலவர் பேரும் வள்ளல் பேரும் வச்ச 14 வளைவும் முடிஞ்சி மேல போய் ஓரமா நிறுத்தி பானெட்ட தொறந்து பாத்தா அரை மில்லிமீட்டர் சொச்சம். எனக்கே நம்பிக்கை வரல, எறங்கும்போது திரும்ப செட் பண்ணி கொஞ்சம் வெரட்டியே ஓட்டுனேன், அப்பவும் முக்கால் தாண்டல. காமெடி என்னன்னா, கீழ வந்து வேலூர் திரும்பும்போது ஒரு சர்வீஸ் ரோட்ல தெரியாம ஒரு பள்ளத்துல விட்டேன், டமார்னு சத்தம், எறங்கி அளந்தா ஒரு மில்லிக்கு மேல. அதாவது 14 வளைவு பண்ணாத வேலைய நம்மூரு பள்ளம் ஒண்ணே பண்ணிடுச்சி.

இப்ப அந்த ஒரு மில்லிய சாய்மானமா மாத்தி பாருங்க. டவர் உச்சில இருந்து கீழ சக்கரம் லோயர் ஆர்மோட சேர்ற பால் ஜாயின்ட் வரைக்கும் சுமார் 600 மில்லிமீட்டர்னு வச்சிக்கலாம். மேல ஒரு மில்லி நகர்ந்தா கீழ சக்கரம் சாயறது 0.1 டிகிரி. அவ்ளோ தான். திரும்பும்போது வண்டியே மூணு நாலு டிகிரி சாயுது, புஷ் வேற ஆடுது, டயரோட பக்கவாட்டு ரப்பர் வேற நெளியுது, இதுல இந்த 0.1 எங்க போய் தெரியும்? சிம்பிளா சொல்லணும்னா கட்டிலும் மெத்தையும் தான். மெத்த பஞ்சு மாதிரி அமுங்குதுன்னு கட்டில் காலுக்கு இரும்பு பட்ட அடிச்சா தூங்குறவனுக்கு என்ன தெரியும்? டயர், புஷ், ஸ்பிரிங் எல்லாம் மெத்த, பாடி தான் கட்டில். ரேஸ் வண்டில மெத்தைய எடுத்துட்டு பலகை போட்ட மாதிரி ஸ்பிரிங்க கெட்டி பண்ணிடுவாங்க, டயரும் பிசின் மாதிரி ஒட்டும், அப்ப கட்டில் ஆடுறது தெரியும், அங்க ராடுக்கு வேலை இருக்கு.

அப்ப இது மொத்தமா ஏமாத்து வேலையான்னா, இல்ல. ஃபோர்ட் மஸ்டாங் பழைய மாடல்ல ஸ்பிரிங்கே டவருக்குள்ள தான் உக்காந்திருக்கும், மொத்த பாரமும் அந்த தகடு மேல, வருசம் போக போக டவர் ரெண்டும் உள்பக்கமா சாய்ஞ்சிடும். அதனால 1965ல வந்த ஷெல்பி ஜிடி350ல ரெண்டு டவருக்கும் குறுக்கால ஒரு ராடு கம்பெனிலயே போட்டாங்க, அதுக்கு மான்டே கார்லோ பார்னு பேரு. அதோட எக்ஸ்போர்ட் பிரேஸ்னு இன்னொண்ணு, ரெண்டு டவரையும் பின்னாடி இருக்கிற ஃபயர்வாலோட, அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகட்டோட, முக்கோணமா கட்டிப்போடும். ரோடு மோசமா இருக்கிற நாட்டுக்கு ஏத்துமதி ஆகிற வண்டிக்குன்னு போட்டதால அந்த பேரு. பாருங்க, அவங்களும் வளைவ விட பள்ளத்துக்கு தான் பயந்திருக்காங்க, என் ஸ்க்ரீன் கம்பி சொன்ன அதே கதை. பிஎம்டபிள்யூ எம்3ல கூட கம்பெனியே போட்டு குடுத்தது உண்டு. கூரை இல்லாத வண்டிக்கு கூரை தாங்குன பலம் போயிடுதுன்னு அடில நெறைய கட்டு போடுவாங்க, அதுவும் நியாயம்.

கடைல விக்கிற ராடுல இன்னொரு விசயம். இன்ஜின் மேல இடிக்கக்கூடாதுன்னு வில்லு மாதிரி வளைச்சி விட்டிருப்பான். வளைஞ்ச கம்பிய ரெண்டு முனைல அமுக்குனா இன்னும் கொஞ்சம் வளையும், நேர் கம்பி அப்டி வளையாது, இதுக்கு ஐடிஐ படிக்கணும்னு கூட இல்ல. முனைல பிராக்கெட்டு பாத்தா 3 மில்லி தகட்ட மடிச்சது, அதுல ஒரே ஒரு போல்ட்டு. ராடு கட்டை மாதிரி தடியா இருந்து என்ன, ஆடுறது அந்த தகடு தான. வாங்கியே தீருவேன்னா நேரா இருக்கிற, பிராக்கெட்டோட வெல்டு பண்ண ஒரே பீஸா பாத்து வாங்குங்க.

பின்னாடி போட்ட ராடு இருக்கே, அது இதைவிட கொடுமை. ஸ்விஃப்டுக்கு பின்பக்கம் முன்னாடி மாதிரி ஸ்ட்ரட் கிடையாது, டார்ஷன் பீம், ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற ஒரே உத்தரம் மாதிரி. திரும்பும்போது வர்ற பக்கவாட்டு தள்ளு எல்லாம் பீமோட முன்பக்க புஷ் வழியா பாடிக்கு போயிடும், ஷாக்கோட தலைக்கு மேல கீழ தள்ளுற வேலை தான் மிச்சம். அங்க குறுக்கால ராடு போட்டு எத புடிச்சி நிறுத்துறது? டிக்கில காய்கறி மூட்ட உருளாம தடுக்குது, அந்த ஒரு உபயோகம் தான். பழைய எஸ்டீம் வச்சிருக்கிறவங்களுக்கு பின்னாடியும் ஸ்ட்ரட் தான், அவங்க போட்டா ஓரளவு அர்த்தம் இருக்கு.

நெறைய பேரு இதையும் ஸ்டெபிலைசர் ராடையும் போட்டு கொழப்பிக்கிறாங்க, என் தம்பியும் தான். ஸ்டெபிலைசர் ரெண்டு சக்கரத்தோட சஸ்பென்சன இணைக்கிறது, ஒரு பக்கம் அமுங்குனா முறுக்கிக்கினு மறுபக்கத்தையும் இழுக்கும், வண்டி சாயறத கொறைக்கிறது அது தான். அத முன்னாடி தடியாக்குனா வளைவுல மூக்கு வெளிய தள்ளும், பின்னாடி தடியாக்குனா வால் சீக்கிரம் வெளிய வரும், அந்த வித்தியாசம் ஓட்டுறவனுக்கு நல்லாவே தெரியும். ஸ்ட்ரட் பார் வண்டி சாயறத கொறைக்கவே கொறைக்காது.

உங்க வண்டி பாடி நெஜமாவே தளர்ந்து போச்சான்னு தெரியணுமா? ஒரே ஒரு சக்கரத்த மட்டும் உயரமான திட்டுல ஏத்தி நிறுத்திட்டு நாலு கதவையும், டிக்கியையும் தொறந்து மூடி பாருங்க. சமதரைல மூடுற மாதிரியே மூடுனா பாடி நல்லா இருக்கு. கதவு இடிச்சா, டவர் பக்கம் துரு புடிச்சிருந்தா டிங்கரிங் கடைக்கு போங்க, அதுக்கு ராடு மருந்து இல்ல. ஏன்னா வண்டி நீளவாக்குல முறுக்குறத தாங்குறது தரையும் ரெண்டு பக்கமும் கதவுக்கு கீழ ஓடுற சில்லும் கூரையும் ஒட்டுன முன் கண்ணாடியும் தான், பானெட்டுக்குள்ள ஒரே எடத்துல குறுக்கால போட்ட கம்பி அதுல பெருசா ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு, ஒரு பக்கம் இடிச்சா ராடு அந்த அடிய மறுபக்க டவருக்கும் கொண்டு போகலாம், அப்ப செலவு ரெண்டு பக்கமும்.

கடைசில பாய் சொன்ன மாதிரி லோயர் ஆர்ம் ரெண்டும், முன் ஷாக் ரெண்டும் மாத்துனேன், நாலு டயரும் புதுசு போட்டு அலைன்மெண்ட் பண்ணேன். ஆவுற செலவு ஆச்சி, ராடு மாதிரி நாலு மடங்கு. ஆனா அடுத்த வாரம் ஏலகிரி ஏறும்போது பக்கத்துல உக்காந்த ஃப்ரெண்டு, அதே தலையாட்டுன ஃப்ரெண்டு, நான் ஒண்ணும் சொல்லாமலே "வண்டி மாத்திட்டியா மச்சான்"னு கேட்டான்.

தம்பி, காச டயருல போடு. என்கிட்ட இருக்கிற பின் ராடு வேணும்னா வந்து சும்மா எடுத்துகினு போ, மாடில கெடக்குது. முன் ராட கேக்காத, அது இன்னும் வண்டில தான் இருக்கு. பானெட்ட தொறந்தா செவப்பா நல்லா இருக்குடா.