ஆமாம், அந்த வக்காலத்தில் இருப்பது என் கையெழுத்துதான்

எந்த வழக்கு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூன்று நாளாக என் போட்டோவைத்தானே சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்! ஆமாம், அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமை வழக்கில் ஏ1-க்கு, அதாவது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, வக்காலத்து (அவனுக்காக ஆஜராகிறேன் என்று கோர்ட்டில் தரும் பத்திரம்) போட்டது நான்தான். குற்றப்பத்திரிகையே இன்னும் வரவில்லை, உங்கள் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது.

"அவனே ஒப்புக்கொண்டானே?" யாரிடம்? போலீஸிடம். அது சாட்சியமாகாது என்று 1872-லேயே வெள்ளைக்காரன் சட்டம் எழுதிவைத்தான். தன் போலீஸ் மேல் அவனுக்கே அவ்வளவு நம்பிக்கை! நமக்கு டிவியில் ஒரு வரி ஓடினால் போதும்.

நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அதுவரை அவன் குற்றம் சாட்டப்பட்டவன், குற்றவாளி இல்லை. எத்தனை தடவைதான் சொல்வது?

தொழிலுக்கு வந்த புதிதில் லீகல் எய்டில் (இலவச சட்ட உதவியில்) ஒரு நகைத் திருட்டு வழக்கு வந்தது. பையனுக்கு 19 வயது. அவன்தான் எடுத்திருப்பான் என்று நானே நினைத்தேன் (சொல்ல வெட்கமாக இருக்கிறது). குறுக்கு விசாரணையில் மகஜர் சாட்சியிடம் (போலீஸ் நகையைக் கைப்பற்றியதை நேரில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவர்), நகையை எங்கிருந்து எடுத்தார்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன். "நான் பாக்கலைங்கம்மா. ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன்." அரசு வக்கீல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பையன் அதற்குள் 7 மாதம் உள்ளே இருந்துவிட்டான். கேட்க ஆள் இல்லையென்றால் அந்தக் கையெழுத்து அவனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்?

"எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது" என்று தீர்மானம் போடச் சொல்கிறவர்களுக்கு: கோவையில் வக்கீல் சங்கம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்களே செல்லாது என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தத் தீர்மானம் யாருக்கு எதிராகத் தெரியுமா? போலீஸ்காரர்களுக்கு. கைதானவர் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்கிற அரசியல் சட்டம் 22(1) அவர்களுக்கும்தான்.

"காசுக்காகத்தானே?" ஃபீஸ் வாங்குகிறேன். டாக்டரும் வாங்குகிறார். அடுத்து.

"உன் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தால்?" என் வீட்டுப் பெண் நான்தான் சார். நடந்தால் கத்துவேன், அவனை வெட்டிப்போடத் தோன்றும். அதனால்தான் அன்றைக்கு நீதிபதி நாற்காலியில் நான் உட்காரக் கூடாது. இது புரியாதவர்களிடம் இனி பேசுவதாக இல்லை. பேசியும் என்ன ஆகப்போகிறது!

"இவளையும் சேர்த்துத் தூக்கில் போடணும்" என்று ஒரு கமென்ட். அதற்கு 70 லைக். சித்தி, அதில் உங்கள் பெயரும் இருக்கிறது. நான் வக்கீலாக என்ரோல் ஆனபோது கருப்புக் கோட்டுக்குத் துணி எடுத்துத் தந்தது நீங்கள். தெரியாமல் கை பட்டிருக்கும், இல்லையா? நேற்றிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.