தற்காலிக இருக்கை வெறும் அலங்காரமன்று

ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் பத்துத் தற்காலிக உறுப்பினர்களும் ஐந்து நிரந்தர நாடுகளுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர்களே என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை முழுமையாக ஏற்க இயலவில்லை. எம்.எச்.17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் வீழ்த்தப்பட்டதை விசாரிக்க அனைத்துலகத் தீர்ப்பாயம் கோரி, 2015 ஜூலையில் மலேசியா கொண்டுவந்த தீர்மானத்தைப் பதினொரு நாடுகள் ஆதரித்தும் ரஷ்யா நிரந்தர உறுப்பினருக்குரிய ரத்து அதிகாரத்தால் தடுத்தது உண்மைதான். அந்தச் செய்தி வந்த காலையில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர்ப் பால்வெட்டு முடிந்து வந்த பெரியவர் ஒருவர் தேநீர்க் கடையில் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "பதினொன்றை விட ஒன்று பெரிதா?" என்று கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஆனால், மறு ஆண்டு டிசம்பரில், பாலஸ்தீன நிலத்தில் இஸ்ரேலியக் குடியேற்றங்களைக் கண்டிக்கும் தீர்மானத்தை, முதலில் அதைக் கொண்டுவந்த எகிப்து பின்வாங்கிய பிறகும், முன்வைத்து நிறைவேற்றியவை மலேசியா, நியூசிலாந்து, செனகல், வெனிசுவேலா ஆகிய நான்கு தற்காலிக உறுப்பு நாடுகளே. அமெரிக்கா தன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தாமல், வாக்களிக்காமல் ஒதுங்கியது.

என் குறையெல்லாம் தற்காலிக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியது. ஐ.நா. பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் இரகசிய வாக்குச்சீட்டும் விதியில் இருந்தாலும், நாடுகளின் வட்டாரக் குழுக்கள் முன்கூட்டியே பேசி ஓர் இருக்கைக்கு ஒரே வேட்பாளரை நிறுத்திவிட்டால் (எங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகத் தேர்தலும் ஏறக்குறைய இப்படித்தான்) வாக்கெடுப்பு சடங்காகிவிடுகிறது. 2014இல் மலேசியா 187 வாக்குகள் பெற்றதும் போட்டியின்றித்தான். கியூபாவும் கொலம்பியாவும் ஓர் இருக்கைக்காக 1979இல் தொடங்கி 154 வாக்கெடுப்புச் சுற்றுகள் மோதி, இறுதியில் மெக்சிகோவுக்கு வழிவிட்டது போன்ற இழுபறியை நான் விரும்பவில்லை. இருவராவது போட்டியிட்டால், இருக்கை கிடைத்தபின் என்ன செய்வோம் என்பதை அவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டியிருக்கும்.