வெயிலைவிட ஈரம்தான் வில்லன்
"வெப்பப் பகுதிகளில் முழுமரத் தளம் நெளிந்துவிடும், என்ஜினியர்டு பலகையே (மர அடுக்குகளை ஒட்டிச் செய்தது) பாதுகாப்பு" என்று மரத்தரை பற்றிய கட்டுரை ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருப்பதை குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் உள்ள எங்கள் வீட்டு மச்சு, அதாவது மரப்பலகை மாடித்தளம், ஒப்புக்கொள்ளாது. தாத்தா காலத்தில் அயினி மரப் பலகை பாவிய மச்சு அது. நடந்தால் இரண்டு இடத்தில் முனகும், மற்றபடி ஒரு பலகைகூட வளையவில்லை. மரத்தின் உசத்தி மட்டும் காரணமல்ல, பலகைக்கு மேலும் கீழும் காற்று ஓடுகிறது. மரத்தைப் படுத்தி எடுப்பது வெயிலைவிட ஈரத்தின் ஏற்ற இறக்கம்தான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் நனையும் மாவட்டம் எங்களுடையது. மரம் அகலவாக்கில் உப்பிச் சுருங்கும். என்ஜினியர்டு பலகையில் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் அந்த அசைவு குறையும், உண்மைதான், ஆனால் நின்றுவிடாது. கீழ்த்தளத்து அறையில் நான் அதைத்தான் போட்டேன். கான்கிரீட் முழுதாகக் காயும் முன்பே, ஆனி மாதச் சாரலில், அடியில் ஈரத்தடுப்புத் தாள்கூட விரிக்காமல் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஐப்பசிக்குள் சன்னலோரத்தில் மேல்மரம் (பலகையின் மேலடுக்கு) கொப்பளித்து, விரல்நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்துவிட்டது. இழைத்துச் சரிசெய்யலாம் என்றால் மேல்மரத்தின் கனமே 3 மில்லிமீட்டர்தான். முழுமரம் போட்டிருந்தாலும் அந்த ஈரத்தரையில் ஓரம் தூக்கியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். கூரையிலும் தூணிலும் மரத்தை வாரி இறைத்த பத்மநாபபுரம் அரண்மனையிலேயே பல அறைகளின் தரை, சுண்ணாம்பும் சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் கலந்த கரும்பூச்சுதான். கட்டுரையாளர் தரைத்தளத்தையும் மாடியையும் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.