முதலில் ஜாக்கெட்டுக்கு கிளிப் போடுங்கள், செல்ஃபி பாயின்ட் அப்புறம்

நம் ஊர்ப் படகுத்துறையில் ஒரு வயதான ஆயா சவாரிப் படகில் ஏற மறுத்த அந்த வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். லைஃப் ஜாக்கெட் சரியாக மாட்டாமல் படகில் ஏற மாட்டேன் என்று அந்த ஆயா நின்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீடியோவுக்குக் கீழே நம் புதுச்சேரி ஆட்களே போட்டிருக்கிற கிண்டல்தான் உறுத்துகிறது. "பயமா இருந்தா வீட்ல உக்காந்து சீரியல் பாக்க வேண்டியதுதானே." அதற்கு லைக் வேறு.

படகுச் சவாரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் கிழிப்பதற்கும் செல்ஃபி பாயின்ட் வைப்பதற்கும் முன்னால் படகுத்துறையைச் சரிசெய்யுங்கள் என்கிறேன். ஏறி இறங்கப் படி, கிளிப் பூட்டுகிற லைஃப் ஜாக்கெட், ஒரு கழிப்பறை. ரோமானிய மதுச்சாடிகள் வந்து இறங்கிய பழைய துறைமுகமான அரிக்கமேடு இருக்கிற ஆறு இது. 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே தோண்டியதை மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுகிறோம். இன்று அதே ஆற்றில் ஒரு வயதான மனுஷி கௌரவமாகப் படகேற வழியில்லை.

போன கோடையில் அம்மாவைக் கூட்டிப் போனேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி, போட ஒரு பலகைகூட இல்லை. முட்டிவலிக்காரியை இரண்டு பையன்கள் அக்குளில் கைகொடுத்து மூட்டை மாதிரி தூக்கி உள்ளே வைத்தார்கள். ஜாக்கெட்டில் கிளிப் உடைந்து, நைலான் கயிற்றில் முடிச்சு. "சும்மா மேல போட்டுக்குங்கம்மா, கொஞ்ச தூரம் போனதும் கழட்டிடலாம்" என்றான் ஒருவன். பாத்ரூம் எங்கே என்று கேட்டதற்குப் புதரைக் காட்டினான். அன்றைக்கு முழுக்க அம்மா எங்களோடு சரியாகப் பேசவில்லை.

உடனே "மீனவர் வயிற்றில் அடிக்காதே" என்று வருவீர்கள், தெரியும். முகத்துவாரத்தில் மணல் சேருகிறது, தூர்வாருங்கள் என்று வருஷக்கணக்காகக் கத்துவது யார்? மீனவர்கள்தானே? அலை எங்கே உடையும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அவர்களைக் கேளுங்கள், என்னைவிடக் காட்டமாகச் சொல்வார்கள். டிக்கெட் விலை ஏறுமா? ஏறட்டும்.

"இதுவரை ஒண்ணும் ஆகலையே" என்கிற மேதாவிகளுக்கு: 2023 மே 7, கேரளாவின் தானூர். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றி, படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். அதிலே எத்தனை குழந்தைகள். மே 6 வரைக்கும் அங்கேயும் ஒண்ணும் ஆகவில்லை சார். தேக்கடியில் 2009-ல் 45 பேர். அதையெல்லாம் நாம் ஒரு வாரம் பேசினோம்.

இன்னொரு கும்பல் இருக்கிறது. "ஊரைப் பற்றித் தப்பா எழுதாதீங்க, டூரிஸ்ட் வர மாட்டாங்க." வராமலா இருக்கிறார்கள்? சனி ஞாயிறு ஆனால் உள்ளூர்க்காரன் பீச் பக்கம் வண்டி நிறுத்த முடியவில்லை. ஊருக்கு வரும்படி வருகிறது என்று பொறுத்துக்கொள்கிறோம். அந்த வரும்படியில் நாலு ஜாக்கெட் வாங்கச் சொன்னால் நான் ஊர்த் துரோகி. நல்லது, இருந்துவிட்டுப் போகிறேன்.

வருகிற சனிக்கிழமை சேலத்திலிருந்து சித்தி குடும்பத்தோடு வருகிறார். பிள்ளைகளுக்குப் போட்டிங் போகணுமாம், எங்கே நல்லா இருக்கும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. சிரித்தவர்கள் யாராவது ஓர் இடம் சொல்லுங்களேன்.