செங்கல் பொடியும் எலுமிச்சம்பழமும் என் முன்பல்லும்

என் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு உண்டு. டீக்கறை என்று நினைப்பார்கள், இல்லை. பென்னாகரம் பக்கம் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் நிறைய பேருக்கு இது இருக்கும். வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் பல்லைப் பார்த்து "தருமபுரியா?" என்று கேட்டவர்கள் உண்டு. என் அக்கா இன்றைக்கும் சிரிப்பு வந்தால் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவாள். பார்க்கிறவர்கள் கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் அக்கா மகள் வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கைப்பேசியை நீட்டி, "மாமா, இதப் பாருங்க, ஏழே நாள்ல பல்லு வெள்ளையாயிடுமாம்" என்றாள். ரீல்ஸில் ஒரு பெண் எலுமிச்சம்பழ மூடியில் உப்பும் சமையல் சோடாவும் தொட்டுப் பல்லில் பரபரவென்று தேய்க்கிறார். கீழே 'கெமிக்கல் கிடையாது, நூறு சதவீதம் இயற்கை' என்று எழுத்து ஓடுகிறது. இவள் மூன்று நாள் தேய்த்திருக்கிறாள். நாலாம் நாள் தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது. அதனால்தான் மாமாவின் ஞாபகம் வந்திருக்கிறது. மாமா இந்த விஷயத்தில் அனுபவஸ்தன்.

ஏனென்றால் அவள் வயதுக்கும் முன்பே, எட்டாம் வகுப்பில், நான் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தவன். புதுவீடு கட்டுகிற இடத்தில் உடைந்து கிடந்த செங்கல்லைப் பொறுக்கி வந்து, அம்மிக்கல்லில் நுணுக்கி, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். முதல் வாரம் பல் பளபளவென்று ஆனமாதிரி இருந்தது. அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது. பல்லின் மேல்பூச்சான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். கனிமங்களின் கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் அது ஏறக்குறைய 5. செங்கல்லில் இருக்கிற மணல், அதாவது குவார்ட்ஸ், 7. நான் ஒன்றரை வருஷம் செய்த வேலைக்கு உப்புத்தாள் போடுவது என்று தச்சர்கள் பெயர் சொல்வார்கள். மரத்துக்குப் போட்டால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். எனாமல் ஒருமுறை போனால் திரும்ப முளைக்காது.

இவ்வளவு தேய்த்தும் கோடு போனதா? போகவில்லை, போகவும் போகாது. பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதிலேயே எங்கள் ஊர் போர் தண்ணீரிலிருந்த ஃபுளோரைடு அதற்குள் வேலை பார்த்துவிட்டது. கருங்கல் பாறைகளுக்கிடையில் நெடுங்காலம் தேங்கிக் கிடக்கிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாறையிலுள்ள ஃபுளோரைடு மெல்லக் கரைந்து சேரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டுக் கணக்கு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. இந்தக் கறை பல்லின் மேலே படிந்ததில்லை, பல்லோடு சேர்ந்து வார்க்கப்பட்டது. செங்கல்லோ எலுமிச்சையோ கறையைத் தொடுவதற்கு முன்னால் பல்லைத் தின்றுவிடும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பல்லைக் கெடுத்த தண்ணீரைப் போல நூறு சதவீதம் இயற்கையான பொருளை நான் பார்த்ததில்லை. பூமிக்குள்ளிருந்து வந்தது, ஒரு கம்பெனியும் ஒன்றும் கலக்கவில்லை. அதனால் 'இயற்கை' என்று ஒட்டிவிட்டால் எனக்குத் தனியாக ஒரு மரியாதை வந்துவிடுவதில்லை. வாய்க்குள் போகிற பொருள் அங்கே என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

எலுமிச்சைக்கு வருவோம். வாய்க்குள் அமிலத்தன்மை ஏறி பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 2.5 வரை. அமிலத்தில் இளகிய பல்லின்மேல் உப்புக்கல்லைப் போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? சோடா தனியாக இருந்தால் அவ்வளவு மோசமில்லை. அது அமிலத்தைத் தணிக்கும், உரசலும் குறைவு. அந்த ரீல்ஸ்காரர் இரண்டையும் கலந்து நுரை வருகிறதே என்று மகிழ்கிறார். ஒன்றை ஒன்று முறித்துக்கொள்வதுதான் அந்த நுரை.

இதைச் சொன்னால் உடனே ஒரு ஃபார்வர்டு வரும். உங்களுக்கும் பத்து முறை வந்திருக்கும். கரியும் உப்பும் வைத்துத் தேய்த்த நம்மைப் பேஸ்ட் கம்பெனிக்காரன் ஏளனம் செய்துவிட்டு, இன்றைக்கு 'உங்கள் பேஸ்டில் உப்பு இருக்கிறதா, கரி இருக்கிறதா' என்று நம்மிடமே விற்கிறான் என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரி அன்றைக்கும் பல்லைத் தேய்த்தது, இன்றைக்குக் குழாய்க்குள் அடைத்து நூற்றைம்பது ரூபாய்க்கு விற்றாலும் தேய்க்கத்தான் செய்யும். அவன் ஏமாற்றுகிறான் என்பதற்காக நம் கரி நல்ல கரி ஆகிவிடாது.

எங்கள் வீட்டில் அம்மாவின் பல்பொடி ஒன்று உண்டு. உமிக்கரி, இந்துப்பு, கடுக்காய்த் தோல், கொஞ்சம் கிராம்பு. உமியை எரித்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி சிலிக்கா. கரடுமுரடாக இருந்தால் ஈறைக் கீறும், பல்லைத் தேய்க்கும். சித்த வைத்தியத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பொடியை மெல்லிய துணியில் சலிப்பார்கள், வஸ்திரகாயம் என்று பெயர். அம்மா அதை ஒழுங்காகச் செய்வாள், பழைய வேட்டித் துணியைக் கட்டி மாவு மாதிரி சலித்தெடுப்பாள். இன்றைக்கு ஆன்லைனில் 'பாரம்பரிய மூலிகைப் பல்பொடி' என்று வருவதை நாக்கில் வைத்தால் ஆற்றுமணல் மாதிரி நெறுநெறுக்கிறது. பாரம்பரியத்தில் இருந்த அந்தப் பொறுமையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கடுக்காய்க்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதன் துவர்ப்பு ஈறைச் சுருக்கிப் பிடிக்கும், இரத்தக் கசிவு கொஞ்சம் அடங்கும். என் முப்பத்து நாலாவது வயதில் பல் தேய்க்கும்போது இரத்தம் வந்தது. அம்மாவின் பொடியைப் போட்டேன், நின்றது. சரியாகிவிட்டது என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒருநாள் கரும்பு கடித்தபோது கீழ்ப்பல் ஒன்று ஆடியது.

பல் மருத்துவர் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கீழ் முன்பற்களின் பின்பக்கம் முழுக்கக் காரை. சுவர்க் காரை மாதிரியே மஞ்சளாக, கெட்டியாக. பல்லில் படிகிற கிருமிப் படலத்தைத் தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களிலேயே அது இறுக ஆரம்பித்துவிடும். இறுகியபிறகு எந்தப் பொடியும், எந்த எண்ணெயும், எந்தக் குச்சியும் அதை எடுக்காது. கருவி வைத்துச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். அந்தக் காரைக்கடியில் ஈறு வீங்கி, பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு மெல்லக் கரைந்துகொண்டே போகும், பெரும்பாலும் வலியே இல்லாமல். மருத்துவர் இன்னொன்றும் காட்டினார். பல்லும் ஈறும் சேர்கிற இடத்தில், நகத்தை வைத்தால் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். "எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?" என்றார். செங்கல் என்று சொல்ல வாய் வரவில்லை. "பல்பொடி" என்றேன்.

'கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்' என்று ஊரில் சொல்வதை நானும் நம்பியவன்தான். ஏற்கெனவே ஆடுகிற பற்களுக்குக் காரைதான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, பழி மருத்துவர்மேல் விழுகிறது. எனக்கு அந்த ஒரு பல் போனது. மற்றவை நிற்கின்றன. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கும்.

அப்புறம் 'அந்தக் காலத்தில் பாட்டிகளுக்கு எண்பது வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் இருந்தது' என்கிற பேச்சு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அப்படியானால் நம் வீடுகளிலெல்லாம் வெற்றிலை இடிக்கிற அந்தச் சின்ன உரல் எதற்கு இருந்தது? என் பாட்டிக்கு ஒன்று இருந்தது, பித்தளையில். திண்ணையில் உட்கார்ந்து டொக்கு டொக்கென்று இடித்துக்கொண்டிருப்பாள். பாட்டியின் தங்கைக்கும் ஒன்று உண்டு. பொக்கை வாய் என்ற சொல் சும்மா வந்ததா? பாட்டி காலத்தில் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை குறைவாக இருந்திருக்கலாம். சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் கண்ணில் படாத காலம். அந்தப் புகழை வேப்பங்குச்சிக்கு மட்டும் கொடுக்க முடியாது.

வேப்பங்குச்சியை நான் குறை சொல்லவில்லை. நன்றாக மென்று, நுனி தூரிகை மாதிரி ஆனபிறகு மெதுவாகத் தேய்த்தால் அது நல்ல பிரஷ்தான். முஸ்லிம் நண்பர்கள் பயன்படுத்துகிற மிஸ்வாக், அதாவது உகா மரத்துக் குச்சி, அது கிடைக்கிற ஊர்களில் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. குச்சியால் வாயின் உள்பக்கத்தை எட்டுவது மட்டும் கஷ்டம். என் காரை படிந்ததும் உள்பக்கம்தான்.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன். 'ஆலும் வேலும்' என்பதில் வேல் என்றால் வேம்பு என்று பாதிப்பேர் நினைக்கிறார்கள். அது வேலமரம், கருவேலம். 'வேலுக்குப் பல் இறுகும், வேம்புக்குப் பல் துலங்கும்' என்று பழைய பாட்டு இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. இதைப் படித்துவிட்டுச் சாலையோரம் போய்ச் சீமைக் கருவேலத்தை ஒடிக்காதீர்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்த வேறு மரம்.

கிராம்பு நிஜமாகவே வலியை மரத்துப்போக வைக்கும். அதிலிருக்கிற யூஜினாலைப் பல் மருத்துவர்களே மருந்தில் சேர்க்கிறார்கள். ஆனால் எண்ணெயை அப்படியே பஞ்சில் நனைத்து வைத்தால் ஈறு வெந்துபோகும். அதைவிடப் பெரிய ஆபத்து, வலி அடங்கியதும் சொத்தையும் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வது. ராத்திரி பதினொரு மணிக்குக் கிராம்பு வையுங்கள், காலையில் மருத்துவரிடம் போங்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் ஒரு மதம் மாதிரியே பரவியது. மூட்டுவலிக்கு, ஆஸ்துமாவுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். மற்றதையெல்லாம் விடுங்கள், வாய்க்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. 2009-இல் நம் ஊர்ப் பல் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், பத்துப் பையன்கள் நல்லெண்ணெயும் பத்துப் பையன்கள் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து நீரும் கொப்பளித்தார்கள். இரு பக்கத்திலும் பற்படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. மருந்து நீரால் பல்லில் கறை விழும், எண்ணெயால் விழாது. ஆனால் மொத்தமே இருபது பேர். அதை வைத்துப் பிரஷ்ஷைத் தூக்கிப் போட முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் வம்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பதற்கு யாரும் விழா எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த வீட்டு வைத்தியத்தில் ஆபத்தே இல்லாதது அதுதான். பல் பிடுங்கிய மறுநாள் மருத்துவர் எனக்குச் சொன்னதும் அதைத்தான்.

ஃபுளோரைடு பேஸ்ட் விஷம் என்கிறவர்களுக்குத் தருமபுரிக்காரனாகவே பதில் சொல்கிறேன். எங்களைவிட அதன் கெடுதலை அறிந்தவர்கள் யார்? நாங்கள் குடித்தோம், சமைத்தோம், ஊறினோம். பேஸ்டில் இருப்பதைத் தேய்த்துவிட்டுத் துப்புகிறோம். நம் நாட்டில் பேஸ்டில் 1000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு வரைதான் சேர்க்கலாம். அமிலத்தில் கரைந்துபோகிற எனாமலை அது திரும்பக் கெட்டியாக்க உதவும். உமிக்கரியும் உப்பும் அதைச் செய்யாது. பிள்ளைகள் விழுங்கிவிடும் என்பது நியாயமான பயம்தான். மூன்று வயதுவரை அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு, பெரியவர் பக்கத்தில் நின்று துப்ப வைக்கவேண்டும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருள் சுருளாகப் பிதுக்குவார்களே, அது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்காக.

அக்கா மகளுக்கு எலுமிச்சையை நிறுத்தி, மெதுவான பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். அவள் பல்லில் என் அளவுக்குப் பழுப்பு இல்லை, வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்தான். பரீட்சை முடிந்ததும் பல் மருத்துவரிடம் போவதாக ஏற்பாடு. திட்டுகளை மேலாக மெருகேற்றி மங்க வைக்கலாம், இல்லை பல் நிறத்திலேயே பூச்சு போடலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008-இல். திறந்தது 2013-இல். காவிரித் தண்ணீர் எங்கள் தெருக் குழாய்க்கு வந்தபோது இவளுக்கு ஐந்து வயதுக்குமேல். முன்பல் அதற்குள் உள்ளே தயாராகிவிட்டது.

அவள் தம்பிக்கு இப்போது பத்து வயது. பிறந்ததிலிருந்து காவிரித் தண்ணீர். பல் தேய்க்கத் தினமும் சண்டை, பாதி நாள் பிரஷ்ஷை நனைத்து வைத்துவிட்டு ஓடிவிடுவான். பல்லில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. அம்மாவைக் கேட்டால், குழந்தையாக இருந்தபோது தன் பல்பொடியை விரலில் தொட்டுத் தேய்த்துவிட்டதால்தான் என்கிறாள்.