பணத்தைவிட ஆள் துணை பெரிது

கிறிஸ்தவக் கல்லூரிகளில் பட்டம் பெற்று இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற மானுடப் புலத் துறைகளில் முனைவர் படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கான லில்லி ஃபெல்லோஷிப்பைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். உதவித்தொகையையும், படித்து முடித்தபின் வேலை கிடைப்பது கடினம் என்பதையும் மட்டும் பேசிவிட்டு அது நின்றுவிட்டது. 1991-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள வால்பரைசோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லில்லி திட்டத்தின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டமேற்படிப்பு மாணவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, மூத்த பேராசிரியர்களை வழிகாட்டிகளாகக் கொடுத்து, மூன்று வருடம் சேர்ந்து வாசிக்க வைக்கிறார்கள்.

சிறிய கல்லூரியில் ஆசிரியர் நம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அப்புறம் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் போனால், நூலக மூலையில் அகராதியும் கையுமாக ஒரு பக்க லத்தீனோடு மாலை முழுக்க மல்லுக்கட்ட வேண்டும். லத்தீனில் எழுதிய பழங்காலக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினைப் படித்துக் கலங்கிப்போனதைச் சொல்ல அங்கே ஆள் கிடைக்காது. ஆய்வை நடுவில் விட்டுவிடலாமா என்று தோன்றுவது அந்த மாதிரி மாலைகளில்தான். நானும் அதை அனுபவித்திருக்கிறேன். அன்று எனக்கு ஒரு வழிகாட்டி இருந்திருந்தால் எவ்வளவோ தெம்பாக இருந்திருக்கும்.

வேலை கிடைப்பது கடினம் என்று கட்டுரை சொல்வது சரி. ஆனாலும் கற்பித்தலை ஓர் அழைப்பாக நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துணை கட்டாயம் வேண்டும்.