போன் பட்டன் வரிசை நம் வேகத்தைக் குறைக்கவா?

கால்குலேட்டரில் 7-8-9 மேலே, போனில் 1-2-3 மேலே. ஆட்கள் வேகமாக அழுத்தினால் எக்ஸ்சேஞ்ச் திணறும் என்று வேண்டுமென்றே தலைகீழாக வைத்தார்கள் என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஒவ்வொரு பட்டனும் அனுப்பும் ஒலியை, அதாவது டோனை, எக்ஸ்சேஞ்ச் அடையாளம் காண சுமார் 40 மில்லிசெகண்ட் போதும். அதை முந்தும் விரல் ஏது?

நடந்தது வேறு. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில், கருவிகள் ஆட்களுக்கு ஏற்றபடி இருக்கின்றனவா என்று ஆராயும் மனிதக் காரணிப் பிரிவு பல வரிசைகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்தது: வட்டம், ஐந்தைந்தாக இரண்டு வரிசை, ஏன், கால்குலேட்டர் வரிசையும்தான். எடுத்த நேரம், செய்த பிழை, பிடித்ததா இல்லையா, எல்லாம் குறிக்கப்பட்டது. 1960இல் அங்கிருந்த ஆய்வாளர் டெய்னிங்கர் வெளியிட்ட முடிவுகளில் பலவற்றுக்கும் இடையே வேக வித்தியாசம் சொற்பமே. அப்புறம் எதைக் குறைக்க? 1963இல் பட்டன் போன் வாடிக்கையாளர்களின் பயன்பாட்டுக்கு வந்தது.